தெற்குக் கடலுக்கு மேலே பதினொரு பாகை

1987 பெப்ரவரி 23, திங்கட்கிழமை. மத்தியானம் ஒரு மணி தாண்டி ஐந்து நிமிடம். அந்த நேரம் எங்கள் யாழ்ப்பாணத் தீவுகளான நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்துறையிலும் இருந்த ஒவ்வொருவருடைய உடம்புக்குள்ளாலும், எங்கோ வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் நியூட்ரினோக்கள் பாய்ந்து போயின. சதுர சென்ரிமீற்றருக்கு ஆயிரம் கோடிக்கும் மேல். அவை வந்த வழிதான் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்க வைக்கிறது. அந்த விண்மீன் இருந்த பக்கத்துப் பேரடையான பெரிய மகெல்லன் முகில் அப்போது எங்களுக்கு அடிவானத்துக்குக் கீழே கிடந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஏறக்குறைய பதினொன்றரைப் பாகை கீழே. ஆகவே நியூட்ரினோக்கள் வானத்திலிருந்து இறங்கி வரவில்லை. தெற்கே இந்து சமுத்திரத்தின் அடியில் நுழைந்து, சுமார் 2500 கிலோமீற்றர் பாறையைச் சாய்வாகத் துளைத்து, எங்கள் பனங்காணிகளுக்குள்ளால் கீழிருந்து மேலே வெளியேறின.

ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெரியவும் நியாயமில்லை, நியூட்ரினோ எதையும் தொடாமல் போகிற சாமான். ஜப்பானின் கமியோகா சுரங்கத்துக்குள் இருந்த தண்ணீர்த் தொட்டி, அமெரிக்காவில் ஒரு உப்புச் சுரங்கத் தொட்டி, அப்போதைய சோவியத்தின் பக்சான் ஆய்வகம் என்று மூன்று இடங்களிலும் சேர்த்துப் பிடிபட்டவை இரண்டு டசின் அளவுதான்.

வெளிச்சம் சில மணித்தியாலம் பிந்தி வந்தது. சிலியின் லாஸ் கம்பானாஸ் மலையில் கனடாக்காரரான இயன் ஷெல்ரன் சின்னத் தொலைநோக்கி ஒன்றில் மூன்று மணித்தியாலம் ஒளிபட வைத்த தகட்டைக் கழுவிப் பார்த்தார். இருக்கக் கூடாத இடத்தில் ஒரு பெரிய புள்ளி. தகட்டில் ஏதோ பழுது என்றுதான் முதலில் யாரும் நினைப்பார்கள். அவர் கதவைத் திறந்து வெளியில் வந்து அண்ணாந்து பார்த்தார். அது வானத்திலேயே நின்றது. அதே மலையில் இன்னொரு தொலைநோக்கியை இயக்கிக்கொண்டிருந்த ஒஸ்கார் டுஹால்டே, வேலைக்கு நடுவில் வெளியே வந்தபோது வெறுங்கண்ணால் அதைக் கண்டிருந்தார். நியூசிலாந்தில் அல்பேர்ட் ஜோன்ஸ் என்ற அமெச்சூர் வானியலாளர், வழமையாகத் தான் பார்க்கிற விண்மீன்களைப் பார்க்கப் போய்த் தனியாக இதையே கண்டார். வாழ்நாளில் ஐந்து லட்சம் தடவைக்கு மேல் விண்மீன்களின் பிரகாசத்தைக் கணித்து எழுதிய மனிதர் அவர். 1604க்குப் பிறகு வெறுங்கண்ணுக்குத் தெரிந்த முதல் சுப்பர்நோவா. பெயர் 1987ஏ. அந்த ஆண்டின் முதலாவது என்பதற்கு ஏ.

இதில் எங்களுக்கு என்ன என்று கேட்டால், இருக்கிறது. நெடுந்தீவு வடக்கு அகலாங்கு ஒன்பதரைப் பாகையில் கிடக்கிறது. 1987ஏ தெற்கே அறுபத்தொன்பது பாகையில். தொண்ணூறிலிருந்து இரண்டையும் கழித்தால் பதினொரு பாகை மிஞ்சும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் மறைகிற அளவை விடச் சற்றுக் கூட. தெற்குக் கரையில் நின்றால் முன்னால் கடல் மட்டும்தான். மரமில்லை, மலையில்லை. பெப்ரவரி கடைசி வாரத்தில், இரவு ஏழரை மணிக்குக் கொஞ்சம் முந்தி, அகத்திய விண்மீனுக்குக் கீழே அது உச்சத்தில் நின்றிருக்கும். அந்தக் கிழமை அமாவாசை வேறு. அடிவானத்துக் காற்றின் தடிப்பில் பிரகாசம் ஒரு படிக்கு மேல் குறைந்து வெறுங்கண்ணுக்கு விளிம்பில் தட்டுப்பட்டிருக்கும். ஒரு பைனாகுலர் கையில் இருந்தால் தாராளமாகத் தெரிந்திருக்கும். மே மாதம் அது உச்சப் பிரகாசத்துக்குப் போனபோதோ எங்களுக்குச் சூரியனோடு சேர்ந்தே மறைந்துகொண்டிருந்தது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்த எங்கள் சொந்தக்காரருக்கு அது ஒருநாளும் உதிக்கவேயில்லை. எங்களுக்கு ஒரு மாதம் கிடைத்தது.

அந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் நான் அடிக்கடி யோசிக்கிறேன். எங்கள் தீவுகள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் வடக்கே துருவ விண்மீனும் தெரியும், தெற்கே குருசு வெள்ளியும் தெரியும், மகெல்லன் முகில்களும் எட்டிப் பார்க்கும். வானத்தில் எங்கே எது வெடித்தாலும் பெரும்பாலும் எங்கள் கண்ணுக்கு எட்டும். இப்படியான இடம் உலகத்தில் எல்லாருக்கும் வாய்க்கவில்லை.

வெடிப்பது எல்லாம் ஒன்றல்ல. நோவா வேறு, சுப்பர்நோவா வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கட்டுரை எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. நோவா என்றால் எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீனான ஒரு வெண்குள்ளன், பக்கத்தில் ஒரு துணை விண்மீன். துணையிலிருந்து ஐதரசன் வெண்குள்ளனின் மேல் வந்து படிந்து, அடியில் அழுத்தமும் வெப்பமும் ஏறி, ஒருநாள் அந்த மேற்படை மட்டும் அணுக்கருத் தீப்பிடித்து வெடிக்கும். விண்மீன் தப்பிவிடும். மறுபடியும் படியத் தொடங்கும். சுப்பர்நோவாவில் விண்மீனே முடிந்து போகிறது. ஒன்றில் பெரிய விண்மீனின் உள்மையம் எரிபொருள் தீர்ந்து தன் பாரத்தில் தானே நொறுங்கும்; அல்லது வெண்குள்ளன் சூரியனின் திணிவைப் போல் 1.4 மடங்கு என்கிற எல்லையை நெருங்கி முழுவதுமாக வெடிக்கும். அந்த எல்லைக்குச் சந்திரசேகர் எல்லை என்று பெயர். 1930இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் பத்தொன்பது வயதுத் தமிழ்ப் பொடியன் ஒருவன் போட ஆரம்பித்த கணக்கு அது. அந்த சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983இல்.

சரி, வெடித்தது எது என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? ஒளியை விரித்து நிறமாலை எடுத்துப் பார்ப்பதுதான் வழி. 1941இல் ருடோல்ஃப் மின்கோவ்ஸ்கி வகுத்த முதல் பிரிவு இன்றைக்கும் நிற்கிறது: ஐதரசன் கோடு இல்லையென்றால் முதலாம் வகை, இருந்தால் இரண்டாம் வகை. பிறகு முதலாம் வகையைப் பிரித்தார்கள். 6150 ஆங்ஸ்ட்ரம் பக்கத்தில் சிலிக்கனின் ஆழமான பள்ளம் தெரிந்தால் அது ஒன்று-ஏ, வெடித்த வெண்குள்ளன். சிலிக்கன் அப்படி இல்லாமல் ஈலியம் இருந்தால் ஒன்று-பி. இரண்டுமே இல்லையென்றால் ஒன்று-சி. இந்தப் பின்னிரண்டும் மேலாடையை இழந்துவிட்ட பெரிய விண்மீன்கள். இது ஏதோ பெட்டிக்குள் பிரித்துப் போடுகிற வேலை என்று நினைக்க வேண்டாம். ஒன்று-ஏ வகை எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு பிரகாசம் என்பதால் அதை வைத்துத் தூரம் அளக்கலாம். அப்படி அளந்துதான் 1998இல் பிரபஞ்சம் வேகம் கூடி விரிகிறது என்று கண்டார்கள். வகை பிழைத்தால் தூரமும் பிழைக்கும்.

இப்போது நடைமுறையே அதுதான். புதிதாக ஒரு புள்ளி கண்டு அறிவித்தால் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பெயரிடும் தளம் முதலில் ஒரு தற்காலிக அடையாளம்தான் கொடுக்கும். நிறமாலை எடுத்து வகை தெரிந்த பிறகே சுப்பர்நோவா என்ற பட்டம். கண்டவர் ஒருவர், வகைப்படுத்தியவர் இன்னொருவர் என்று இருவர் பெயரும் தனித்தனியே பதிவாகும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். இந்தியாவில் லடாக்கின் ஹான்லே மலையில், 4500 மீற்றர் உயரத்தில் இருக்கும் இமாலய சந்திரா தொலைநோக்கி இரண்டாவது வேலையைச் செய்கிற இடங்களில் ஒன்று. ஜி. சி. அனுபமா போன்றவர்கள் நோவாக்களின் நிறமாலையைப் படிப்பதிலேயே பல பத்தாண்டுகளைச் செலவழித்திருக்கிறார்கள்.

முதல் வேலைக்கு வருவோம். அது எங்களுக்கு அந்நியமான வேலையல்ல. 1863 மே 20ஆம் திகதி இரவு, சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் நோர்மன் பொக்சன் விருச்சிகத்தில் முன்பு இல்லாத ஒரு விண்மீனைக் கண்டார். சில நாட்களில் அது மங்கி மறைந்தது. பெயர் யூ ஸ்கோர்ப்பி. நாங்கள் இன்றைக்கும் பாவிக்கிற பிரகாச அளவுகோலை, அதாவது ஐந்து படி வித்தியாசம் என்றால் நூறு மடங்கு என்ற கணக்கை, வரையறுத்தவரும் இதே பொக்சன்தான். அவர் கண்டதன் முழு அர்த்தம் விளங்க எழுபத்தேழு வருசம் எடுத்தது. 1940இல் ஹாவார்டில் ஹெலன் தோமஸ் பழைய ஒளிப்படத் தகடுகளைத் தேடி, அதே விண்மீன் 1906இலும் 1936இலும் வெடித்திருந்ததைக் கண்டுபிடித்தார். ஏறக்குறைய பத்து வருசத்துக்கு ஒருதரம் திரும்பத் திரும்ப வெடிக்கிற நோவா! 2010இல் இன்ன காலத்தில் வெடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லி, பலர் காவல் இருந்து, கடைசியில் புளோரிடாவின் இரண்டு அமெச்சூர்கள் ஒரே இரவில் தனித்தனியாகப் பிடித்தார்கள். 2022இல் ஜப்பானிய அமெச்சூர் ஒருவர்.

பொக்சனுடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஆர் ரெற்றிகுலி என்ற மாறும் விண்மீனைக் கண்டவர். அது தெற்கே அறுபத்து மூன்று பாகை. சென்னையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்குக் கிட்டத் தாழ்ந்து நிற்கும். தாழ்வாகத் தெரிகிறது என்று அவர் அதை விட்டுவிடவில்லை.

இன்னொருவரைச் சொல்லாமல் போக மனமில்லை. ராதா கோவிந்த சந்திரா. இன்று வங்கதேசத்தில் உள்ள ஜெசூரில் அரசாங்கத் திறைசேரியில் காசு எண்ணிச் சோதிக்கிற ஊழியர். பள்ளி இறுதிப் பரீட்சையில் மூன்று தரம் தவறியவர். 1918 ஜூனில் அக்குய்லா கூட்டத்தில், தன் வரைபடத்தில் இல்லாத பிரகாசமான விண்மீன் ஒன்று நிற்பதைத் தானாகவே கவனித்தார். அதுதான் 1918இன் பெரிய நோவா. சில இரவுகளில் வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீன்களோடு போட்டி போட்டது. அந்தக் குறிப்பு அமெரிக்க மாறுவிண்மீன் நோக்குநர் சங்கத்தோடு தொடர்பை ஏற்படுத்தியது. 1926இல் அவர்கள் அவருக்கு ஆறேகால் அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பி வைத்தார்கள். 1954 வரை முப்பத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட கணிப்புகளை எழுதி அனுப்பினார். பகல் முழுக்கக் காசு எண்ணிவிட்டு வந்து இரவில்! அந்தத் தொலைநோக்கி பிற்காலத்தில் தமிழ்நாட்டின் காவலூர் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. (எங்கட காவலூரான ஊர்காவற்துறை இல்லை, ஜவ்வாது மலைக் காவலூர்.)

எங்கள் பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. காரைநகரில் பிறந்து வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்த அலன் ஆபிரகாம், 1910இல் ஹேலி வால்வெள்ளியின் வரவைக் கணித்தவர். லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவானவர். ஊர்காவற்துறையில் நின்று பார்த்தால் கடற்கோட்டைக்கு அங்கால் தெரிகிற ஊர் அவருடையது. தீவகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை பேர் அவருடைய பெயரைக் கேட்டிருப்பார்கள்?

நெடுந்தீவில் ஒருதரம் வயதுபோன கடற்றொழிலாளி ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். வலை பொத்திக்கொண்டிருந்தார். புதிதாக ஒரு விண்மீன் வந்தால் கண்டுபிடிப்பீங்களா ஐயா என்று கேட்டேன். "தம்பி, துறையிலை முப்பது வள்ளம் கட்டிக் கிடக்கு. பிறத்தி வள்ளம் ஒண்டு வந்து நிண்டா எனக்கு எண்ணிப் பாக்க வேணுமே? கண்ட உடனை தெரியும்" என்றார். ஆறாமீன் எப்போது எழும், விடிவெள்ளி எந்தப் பக்கம், குருசு வெள்ளி சாய்ந்தால் எத்தனை மணி எல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. நோவா தேடுகிறவருக்கு வேண்டிய முதல் தகுதி அவர் சொன்னதுதான். அவுஸ்திரேலியாவின் மதபோதகர் ரொபேர்ட் எவன்ஸ் நூற்றுக்கணக்கான பேரடைகளின் தோற்றத்தை மனப்பாடமாக வைத்திருந்தார். தொலைநோக்கியைத் திருப்பிக் கண்ணால் பார்த்தே நாற்பதுக்கு மேற்பட்ட சுப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தார்.

எல்லாம் தானியங்கிக் கமராக்கள் பார்க்கிற காலத்தில் கண்ணுக்கு என்ன வேலை என்று கேட்பது நியாயமான கேள்வி. உண்மைதான், இன்றைக்குக் கண்டுபிடிப்புகளில் மிகப் பெரும் பங்கு தானியங்கி ஆய்வுகளுடையது. ஆனால் பால்வீதியில் ஒரு வருசத்துக்கு ஐம்பது நோவா அளவில் வெடிக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். கண்டுபிடிபடுவது பத்துப் பன்னிரண்டு. மிகப் பிரகாசமானவை பெரிய கமராக்களில் நிரம்பி வழிந்து பழுதாகும். மேகம் ஓரிடத்தில் இருந்தால் வேறொரு இடத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். 2016 செப்ரெம்பரில் ஆர்ஜென்ரீனாவின் ரொசாரியோவில் பூட்டுத் தொழிலாளியான விக்டர் பூசோ, புதுக் கமராவைச் சோதிக்க என்று ஒரு பேரடையைத் தொடர்ந்து படம் எடுத்தார். அடுத்தடுத்த படங்களில் ஒரு புள்ளி பிரகாசித்துக்கொண்டு வந்தது. விண்மீனின் உள்ளே கிளம்பிய அதிர்வலை மேற்பரப்பை உடைத்து வெளிவரும் அந்த முதல் கணத்தைப் பிடித்துவிட்டார். மெலினா பேர்ஸ்ரன் தலைமையில் தொழில்முறை ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். அந்தக் கணத்தில் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றுகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பூசோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டுபிடிப்பதை விடப் பின்தொடர்வதில்தான் எங்களுக்கு இடம் அதிகம் என்பது என் எண்ணம். 2025 ஜூனில் லூப்பஸ் கூட்டத்தில் ஒரு நோவா, வீ462 லூப்பி, ஒரு தானியங்கி ஆய்வில் அகப்பட்டது. வெறுங்கண் விளிம்புக்கு வந்தது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது தெற்கே தாழ்ந்து திண்டாடியபோது எங்களுக்கு நாற்பது பாகை உயரத்தில் வசதியாக நின்றது. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கிற தாம்போதியில் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, அக்காவின் மகனும் நானும் பைனாகுலரோடு நின்றோம். சோளகக் காற்று கையை ஆட்டியது. முழங்கையை இருக்கையில் ஊன்றித்தான் பிடிக்க முடிந்தது. கடலில் இருந்து வருகிற உப்பு கண்ணாடியில் மெல்லிய பாடாகப் படியும், அடிக்கடி ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் கீறல் விழும்.

"மாமா, இடப்பக்கத்து வெள்ளியை விட மங்கல். கீழை நிக்கிறதை விடப் பிரகாசம்."

"எந்தப் பக்கம் கிட்ட?"

"நடுவுக்குக் கொஞ்சம் மேலை... மேலதுக்குக் கிட்ட எண்டு சொல்லலாம்."

கணிப்பு என்பது இவ்வளவுதான். பிரகாசம் தெரிந்த இரண்டு விண்மீன்களை எடுத்து, ஒன்று மேல்படி மற்றது கீழ்படி என்று வைத்து, நோவா அவற்றுக்கிடையில் எங்கே நிற்கிறது என்று பத்தாகப் பிரித்துச் சொல்வது. மேலது 5.2, கீழது 5.9 என்றால் இவன் சொன்னபடி 5.5. நேரம், இடம், ஒப்பிட்ட விண்மீன்கள் மூன்றையும் எழுதி அனுப்ப வேண்டும். அப்படி ஆயிரம் பேர் அனுப்பிய புள்ளிகளை நாள் வாரியாக அடுக்கினால் நோவா ஏறி இறங்கும் கோடு வந்துவிடும். உச்சத்திலிருந்து இரண்டு படி இறங்க எத்தனை நாள் என்பதை வைத்து அது மிகவேகம், வேகம், மெதுவானது என்று பிரிப்பார்கள். பத்து நாளுக்குள் இறங்கினால் மிகவேகம். வெண்குள்ளன் கனமானது என்று பொதுவாக அர்த்தம். நிறமாலையில் இரும்புக் கோடுகள் மேலோங்கி நிற்கின்றனவா, ஈலியமும் நைதரசனும் நிற்கின்றனவா என்ற பிரிவு இதற்குப் பக்கத்தில் வந்து சேரும். பதினான்கு வயதுப் பொடியனின் 5.5 அந்தக் கோட்டில் ஒரு புள்ளி. அவனுக்கு அது விளங்கியதும் முகம் மாறியதைப் பார்த்தேன்.

இருட்டு எங்கள் சொத்து. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு இருட்டு என்றால் கசப்புத்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இப்போதும் நெடுந்தீவின் தெற்குக் கரை இருட்டாக இருக்கிறது. மேற்கே இழுவைப் படகுகள் வருகிற இரவுகளில் மட்டும் அடிவானம் ஒரு ஊர் போல வெளிச்சம் போடும். அந்தப் படகுகள் எங்கள் கடற்றொழிலாளிகளுக்குச் செய்கிற பெரிய கேட்டுக்கு முன்னால் விண்மீன் மறைவது சின்ன விசயம், ஆனாலும் மறைகிறது. கரைவீதிகளுக்குப் புது மின்விளக்குப் போடுகிறவர்கள் வெளிச்சம் கீழே விழுகிற மாதிரி மூடி போட்டால் வீதிக்கும் நல்லது, கடலாமைக்கும் நல்லது, வானத்துக்கும் நல்லது.

ஒருவர் உண்மையிலேயே புதிய புள்ளி ஒன்றைக் கண்டால் என்ன செய்வது? முதலில் முகப்புத்தகத்தில் போடாதீர்கள். கோளா, சிறுகோளா, ஏற்கனவே தெரிந்த மாறும் விண்மீனா என்று பாருங்கள். வில்லைக்குள் ஒளி தெறித்தும் போலிப் புள்ளி வரும். கமராவைக் கொஞ்சம் திருப்பி இன்னொரு படம் எடுத்தால் போலி இடம் மாறும், விண்மீன் மாறாது. அரை மணித்தியாலம் கழித்து மறுபடி எடுங்கள். நகர்ந்திருந்தால் அது சூரியக் குடும்பத்துப் பொருள். இத்தனையும் தாண்டி அது நின்றால் உடனே அறிவியுங்கள், விடியும்வரை வைத்திருக்காதீர்கள்.

இனி, காத்திருக்கிற ஒன்றைப் பற்றி. வடமுடிக் கூட்டத்தில் ரீ கொரோனே போரியாலிஸ் என்றொரு விண்மீன். ஏறக்குறைய மூவாயிரம் ஒளியாண்டு தூரம். வெண்குள்ளனும் செம்பூதமும் ஒன்றையொன்று 227 நாளுக்கு ஒருதரம் சுற்றுகின்றன. சாதாரணமாகப் பத்தாம் பருமன், அதாவது பத்தாம் படிப் பிரகாசம், பைனாகுலருக்கும் சிரமம். 1866 மே மாதம் வெடித்து இரண்டாம் பருமனுக்கு வந்தது. 1946 பெப்ரவரியில் மறுபடி. எண்பது வருச இடைவெளி என்பதால் 2024 தொடக்கம் உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. இதை எழுதும் இன்று வரை அது வெடிக்கவில்லை. அமெரிக்க அமெச்சூர் லெஸ்லி பெல்ரியர் 1920இலிருந்து அதை விடாமல் கவனித்தவர். 1946இல் அந்த இரவு அதிகாலை எழும்பினார், தடிமன் பிடிப்பது போல் இருந்தது, திரும்பப் போய்ப் படுத்துவிட்டார். அன்றைக்குத்தான் வெடித்தது. இருபத்தைந்து வருசக் காத்திருப்பு! அந்தக் கதையைப் படித்ததிலிருந்து தடிமன் வந்தாலும் நான் முற்றத்துக்குப் போய் ஒருதரம் வடமுடியைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

உங்களுக்கும் இடம் சொல்கிறேன். மே, ஜூன் மாதங்களில் இரவு பத்து மணிக்குக் கிழக்குப் பக்கமாக உச்சியை அண்ணாந்து பாருங்கள். செம்மஞ்சளாகப் பிரகாசிப்பது சுவாதி. வடகிழக்கே தாழ்வாக நீலவெள்ளையில் அபிஜித். இரண்டுக்கும் இடையில், சுவாதிக்குக் கிட்ட, அரைவட்டமாக ஏழு விண்மீன். அதில் பிரகாசமானது அல்ஃபெக்கா, இரண்டாம் பருமன். அரைவட்டத்தின் கிழக்கு நுனிக்குக் கொஞ்சம் வெளியே, எப்சிலோன் என்ற மங்கலான விண்மீனுக்கு ஒரு பாகை பக்கத்தில், வெறும் கண்ணுக்கு இப்போது எதுவும் தெரியாத இடம்தான் அது. நெடுந்தீவிலிருந்து பார்த்தால் உச்சத்தில் எழுபத்து நாலு பாகை உயரம் போகும். அல்ஃபெக்காவைப் போல் இரண்டாவது ஒன்று அங்கே நின்றால், அல்ஃபெக்காவோடு ஒப்பிட்டு ஒரு எண்ணும் நேரமும் எழுதிக்கொண்டு எனக்குச் செய்தி போடுங்கள். எத்தனை மணியானாலும் போனை எடுப்பேன்.